விதிப்படி ஓடுவோம்! ஊக்கமருந்தும் நம் இளையோரும்



விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'ஊக்கமருந்து'. யாரோ ஒரு வீரர், எங்கோ ஒரு நாட்டில் சிக்கினார் என்று வாசித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இது எங்கோ நடக்கும் காரியம் அன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2024-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில், இந்தியாவில் பரிசோதிக்கப்பட்ட 7,113 மாதிரிகளில் 260 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது என்று சொல்லப்பட்டுள்ளது. அதாவது நூற்றுக்கு 3.6. அதற்கு முந்தைய 2023-ஆம் ஆண்டிலோ 5,606 மாதிரிகளில் 213. அதிக எண்ணிக்கையில் பரிசோதனை செய்யும் நாடுகளுள் இந்த விழுக்காட்டில் நம் நாடே முதலிடம். பதக்கப் பட்டியலில் நாம் விரும்பிய இடம், வேறொரு பட்டியலில் கிடைத்திருக்கிறது.

இதைப் பற்றிப் பங்கு மக்களாகிய நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? எர்ணாவூரிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் விடிவதற்கு முன்பே எழுந்து ஓடும் இளைஞர்கள் பலர். அவர்களுள் ஒலிம்பிக் கனவு காண்பவர் சிலரே. பெரும்பாலோர் காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஓடுகிறவர்கள். ஆண் காவலர் உடல்திறன் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோ மீட்டரை ஐந்தரை நிமிடத்திற்குள் முடிப்பவருக்கு ஓட்டத்திற்கான முழு மதிப்பெண். அந்தச் சில வினாடிகளில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. அங்கேதான் சோதனை நுழைகிறது. "ஒரு ஊசி போதும், மூச்சு வாங்காது" என்று சொல்ல ஒருவர் வந்துவிட்டால், வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளை என்ன செய்வான்?

மூச்சும் இரத்தமும்

நீண்ட தூரம் சோர்வின்றி ஓடுவதற்கு வேண்டியது என்ன? நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை நுரையீரல் வாங்குகிறது. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் அதைச் சுமந்து செல்கிறது. இருதயம் அதைத் தசைகளுக்கு அனுப்புகிறது. எவ்வளவு பிராணவாயு தசையைச் சென்றடைகிறதோ, அவ்வளவு நேரம் கால்கள் தாங்கும். ஆகவே நெடுந்தூர ஓட்டத்தில் நேரான வழியும் குறுக்கு வழியும் பெரும்பாலும் இரத்தத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

நேரான வழிகள் பல உண்டு. முதலாவது, ஆண்டுக்கணக்கான பயிற்சி. அது இருதயத்தை வலுவாக்குகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பெருக்குகிறது. இரண்டாவது, உணவும் உறக்கமும். போட்டிக்கு முந்தைய நாள்களில் மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டு தசைகளில் எரிபொருள் சேர்ப்பது அனுமதிக்கப்பட்ட முறை. பீட்ரூட் சாறு அருந்துவதும் அப்படியே. காப்பியில் உள்ள காஃபின்கூட ஒரு காலத்தில் அளவுக்கு மிஞ்சினால் குற்றமாக இருந்தது. 2004 முதல் தடைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மூன்றாவது, மலைப் பயிற்சி. கென்யாவின் இட்டன் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகையும் 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றில் பிராணவாயு குறைவு என்பதால், உடல் தானாகவே அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொள்கிறது.

குறுக்கு வழிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, ஓடும் வழியிலேயே ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சைச் சிறிதளவு பிராந்தியுடன் கொடுத்தார்கள் அவருடைய உதவியாளர்கள். அன்று அதைத் தடைசெய்ய விதி இல்லை. 1967-இல் பிரான்சின் சைக்கிள் பந்தயத்தில் டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் மலைப்பாதையில் விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்ஃபிட்டமின் இருந்தது. பின்னர், தன் இரத்தத்தையே எடுத்துச் சேமித்து வைத்துப் போட்டிக்கு முன் திரும்ப ஏற்றிக்கொள்ளும் முறை வந்தது. அதன்பின் வந்தது 'இ.பி.ஓ.' எனப்படும் எரித்ரோபொயட்டின் ஊசி.

இந்த இ.பி.ஓ.வை நம் பங்கிலேயே அறிந்தவர்கள் இருப்பார்கள். சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு இரத்தம் ஊற மருத்துவர் கொடுக்கும் ஊசி அது. நோயாளிக்கு அது உயிர் தரும் மருந்து. நல்ல உடல்நிலையில் உள்ளவர் போட்டுக்கொண்டால், இரத்தம் தடித்து, உறைந்து, மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் இதையும் பிற முறைகளையும் பயன்படுத்தித்தான் 1999 முதல் 2005 வரை ஏழு முறை பிரான்சு பந்தயத்தை வென்றார். 2012-இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 சனவரியில் தொலைக்காட்சியில் அவரே உண்மையை ஒப்புக்கொண்டார். புற்றுநோயை வென்று வந்தவர் என்று உலகமே போற்றிய மனிதர் அவர்!

எல்லைக்கோடு எங்கே?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. மலையில் பயிற்சி செய்தாலும் சிவப்பணு பெருகுகிறது. ஊசி போட்டாலும் பெருகுகிறது. ஒன்று சரி, மற்றது தவறு என்பது எப்படி? பணம் உள்ள நாட்டினர் மலையின் காற்றையே கூடாரத்துக்குள் உண்டாக்கி அதில் உறங்குகிறார்கள். அதற்கும் தடை இல்லை. கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னா நகரில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடி முடித்தார். முறைமாற்றி வழிநடத்திய துணை ஓட்டக்காரர்களும் புதுவகைக் காலணியும் அவருக்கு உதவின. அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. காலணியின் அடித்தட்டு 40 மில்லி மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக்கூடாது என்று 2020-இல் விதி வந்தது. ஆக, எல்லைக்கோடு மனிதர்கள் கூடிப் பேசி வரைவதுதான். காலத்துக்கேற்ப அது நகரவும் செய்கிறது.

அந்தக் கோட்டை வரைவதற்கு உலக முகமை மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஒன்று, அது திறனை உயர்த்துகிறதா? இரண்டு, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியதா? மூன்று, விளையாட்டின் உயிர்நாடிக்கே முரணானதா? இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் ஒரு பொருளையோ முறையையோ தடைப்பட்டியலில் சேர்க்கலாம்.

பின்லாந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டா 1960-களில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். அவர் குடும்பத்தில் பிறவியிலேயே சிவப்பணுக்கள் மிக அதிகம் என்று பின்னாளில் மருத்துவ ஆய்வு கண்டறிந்தது. பிறவியில் அமைந்த இந்த மிகுதி அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஒருவருக்கு ஐந்து தாலந்து, மற்றவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஒன்று என்று இயேசு சொன்ன உவமையை (மத் 25:14-30) எண்ணிப் பார்ப்போம். தலைவர் எல்லாருக்கும் சமமாகக் கொடுக்கவில்லை. ஆனால் பெற்றதைப் பெருக்கியவர்கள் இருவரையும் ஒரே விதமாகப் பாராட்டினார். கொடுக்கப்பட்டதை உழைப்பால் பெருக்குவது ஒன்று. கொடுக்கப்படாததைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துக்கொண்டு கொடுக்கப்பட்டது போலக் காட்டுவது வேறொன்று. மலையில் பயிற்சி செய்பவர் அதை யாரிடமும் மறைப்பதில்லை. ஊசி போடுகிறவரோ கதவைச் சாத்திக்கொள்கிறார். எது மறைவில் செய்யப்படுகிறதோ, அதைப்பற்றி மனச்சான்று முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பதே பொருள்.

2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்ததை நினைவுகூர்வோம். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரேயொரு வீரர் மட்டுமே வந்து நின்றார். மற்ற எழுவரும் காணாமற்போனார்கள். ஓர் இளம்பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். சிரிப்பதற்குரிய செய்தியாக இது பரவியது. உண்மையில் அழுவதற்குரிய செய்தி அது.

தோகாவில் ஒரு தங்கம்

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் மாதம் தோகாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில், பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டம் கிராமத்தின் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். எளிய விவசாயக் குடும்பத்தின் மகள். தமிழகமே கொண்டாடியது, கட்சிகளும் அமைப்புகளும் இலட்சக்கணக்கில் பரிசளித்தன. சில வாரங்களிலேயே அவர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்ததாகச் செய்தி வந்தது. 2020-இல் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. 2019 மே முதல் 2023 மே வரை. தங்கப் பதக்கமும் போயிற்று. அறிந்து எந்த மருந்தையும் தான் உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார். விசாரித்தவர்கள் அதை ஏற்கவில்லை.

பங்கு மக்கள் சிலர் இந்தச் செய்தியைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் அவர்களின் கதையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. 2006-இல் அதே தோகா நகரில், அதே 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தியிடமிருந்து பதக்கம் பறிக்கப்பட்டது பாலினப் பரிசோதனை ஒன்றின் பெயரால். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவர்மீது எழவே இல்லை. அவருக்கு நேர்ந்தது பொதுவெளியில் இழைக்கப்பட்ட அவமானம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அவருக்கு மேலும் அநீதி இழைப்பதாகும்.

இன்னொரு நிகழ்வும் நினைவில் இருக்கட்டும். 2002-இல் பூசான் ஆசிய விளையாட்டில் 1,500 மீட்டரில் தங்கம் வென்ற பஞ்சாபின் சுனிதா ராணியிடம் நாண்ட்ரோலோன் இருந்ததாகச் சொல்லிப் பதக்கங்களைப் பறித்தார்கள். பரிசோதனைக் கூடத்தின் நடைமுறையில் குறைகள் இருந்தது தெரிந்தபின் பதக்கங்கள் திருப்பி அளிக்கப்பட்டன. சோதனைக் கூடமும் மனிதர் நடத்துவதே. எனவே செய்தி வந்த அன்றே கல்லெறிய வேண்டாம்.

சட்டத்தின் பொறுப்பும் மனச்சான்றின் பொறுப்பும்

ஊக்கமருந்து விதியின் அடிப்படை கடுமையானது. வீரரின் உடலில் எது காணப்பட்டாலும் அதற்கு அவரே பொறுப்பு. யார் கொடுத்தார், தெரிந்து குடித்தாரா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம். ஆனால் குற்றம் இல்லை என்று ஆக்கிவிடாது. 2011-இல் இந்தியாவின் 400 மீட்டர் தொடர் ஓட்ட வீராங்கனைகள் பலர் சிக்கினார்கள். ஒரு வருடத்துக்கு முன்புதான் காமன்வெல்த் போட்டியிலும் ஆசிய விளையாட்டிலும் நாட்டுக்குத் தங்கம் தேடித்தந்த அணி அது. உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் தந்த ஜின்செங் மாத்திரையில்தான் மருந்து கலந்திருந்தது என்றார்கள். பயிற்சியாளர் நீக்கப்பட்டார், வீராங்கனைகளுக்கோ இறுதியில் இரண்டு ஆண்டுத் தடை.

இந்தக் கடுமை விளையாட்டுக்குத் தேவை. இல்லையென்றால் பிடிபட்டவர் அனைவரும் "எனக்குத் தெரியாது" என்ற ஒரே பதிலைச் சொல்லித் தப்பிவிடுவர். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு நீதி கிடைக்காது. தோகாவில் கோமதிக்குப் பின்னால் ஓடி வந்த சீன நாட்டு வீராங்கனையும் ஒரு வீட்டின் மகள்தானே? மேடையில் தங்கம் பெற்று நிற்கும் அந்த ஒரு நாள் அவருக்குத் திரும்பி வரவே வராது. விளையாட்டில் ஏமாற்றுவதால் விளையும் சேதம் அற்பமானதாக இருந்தாலன்றி, அது கனமான காரியம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2413) போதிப்பது இதனால்தான். களவு செய்யாதே என்ற கட்டளையின் விளக்கத்தில் அது இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் திருச்சபையின் அறநெறி பாவத்தை அளக்கும் விதம் வேறு. சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள் என்று நாம் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கற்றோம்: கனமான காரியம், முழு அறிவு, முழு மனச் சம்மதம். சிறுநீரில் மருந்து இருந்ததா என்பதை ஆய்வுக்கூடம் சொல்லும். உள்ளத்தில் அறிவும் சம்மதமும் இருந்தனவா என்பதைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. ஆகவே ஒரு வீரரின் தடையை நாம் ஏற்றுக்கொள்ளலாம். அவரைத் திருடர் என்று தெருவில் பேசும் உரிமை நமக்கு இல்லை. தண்டனைக் காலம் முடிந்து திரும்பி வருபவருக்கு ஓட்டப் பாதையில் இடம் இருப்பது போல, நம் ஆலயத்திலும் நம் பேச்சிலும் இடம் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை மட்டும் தண்டனை பெறுகிறது. ஊசியை வாங்கித் தந்தவர், 'பவுடர்' விற்றவர், பதக்கம் வந்தால் மட்டும் கண்டுகொள்ளும் சங்கத்தார், வென்றவனுக்கு மாலையும் தோற்றவனுக்கு ஏச்சும் தரும் நாம், இவர்களெல்லாரும் எங்கே நிற்கிறோம்? சிறியோரை இடறச் செய்பவரைக் குறித்து ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை (மத் 18:6) மறக்கலாகாது. 2018 சூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட விளையாட்டு பற்றிய ஏடும், ஊக்கமருந்துச் சிக்கலைத் தனி வீரரின் குறையாக மட்டும் பார்க்காமல், அவரைச் சுற்றியுள்ளோர் அனைவரின் பொறுப்பாகவும் பார்க்கச் சொல்கிறது.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஊசிகள். அறுவை சிகிச்சையின்போது இரத்த அழுத்தம் இறங்கினால் உயர்த்துவதற்குப் பயன்படும் மெபென்டர்மின் என்ற மருந்தை, உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வருவோருக்கு விற்றவர்கள் பிடிபட்ட செய்திகள் தமிழகத்திலிருந்தும் வந்துள்ளன. களைப்பு தெரியாமல் செய்யும் மருந்து இது. களைப்பு என்பது உடல் நமக்குத் தரும் எச்சரிக்கை. எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிட்டால், தீ அணைந்துவிடாது.

இரண்டாவது, குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். போட்டிக்கு முன் 'ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா தெம்பு' என்பது நம்மிடையே சாதாரணப் பேச்சு. மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக அன்றி, 12 மணி நேரத்தில் 100 மில்லி லிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்வது போட்டி வீரருக்குத் தடைசெய்யப்பட்ட முறை. பாட்டிலில் குளுக்கோஸ் மட்டுமே இருந்தாலும் தடைதான்.

மூன்றாவது, நோய்க்கான மருந்து. தொழிற்சாலைப் புகைக்கும் லாரிப் புழுதிக்கும் நடுவே வாழும் நமக்கு இளைப்பு புதிதன்று. இளைப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்து குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டது. அதையே மாத்திரையாகவோ பானமாகவோ எடுத்தால் முன் அனுமதி தேவை. நோயுற்ற வீரருக்கு உரிய மருத்துவ விலக்குப் பெறும் வழி விதியிலேயே உண்டு. எனவே மருத்துவரிடம் போகும்போதே "நான் போட்டிகளில் ஓடுகிறவன்" என்று சொல்லிவிட வேண்டும். கடையில் தானாகக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. இரத்தத்தைப் பெருக்க ஊசி போடுவோரைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் நம் பெண்பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய இரத்தமே இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அரசுப் பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் உண்ணச் செய்வதும், முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன் என்று நம் வீட்டு உணவைப் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் சமமாகப் பரிமாறுவதும்தான் இறைவனுக்கும் விதிக்கும் உகந்த 'இரத்த ஊக்கம்'. ஓடுவதற்கு ஓர் இடமும் சுவாசிக்க நல்ல காற்றும் கேட்பது நம் பிள்ளைகளின் உரிமை. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அம்மோனியா வாயுக் கசிவும் ஒரே மாதத்தில் கண்ட பகுதி இது. நுரையீரலைக் கெடுக்கும் காற்றைச் சகித்துக்கொண்டு, ஓடும் பிள்ளையிடம் மட்டும் ஒழுக்கம் பேசுவது நேர்மையாகாது.

அழிவில்லா வெற்றி வாகை

தூய பவுல் ஓட்டப் பந்தயத்தை நன்கு அறிந்தவர். பந்தயத்தில் ஓடுவோர் அழிந்துபோகும் வாகைக்காகத் தங்களை அடக்கிப் பயிற்சி செய்கிறார்கள். நாமோ அழியாத வாகைக்காக ஓடுகிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி 9:24-27). விதிமுறைப்படி போட்டியிடாதவர் வாகை சூட முடியாது என்று திமொத்தேயுவுக்கு நினைவூட்டினார் (2 திமொ 2:5). தம் வாழ்வின் முடிவில் அவர் மனநிறைவோடு சொன்னதும், தாம் ஓட்டத்தை முடித்துவிட்டார் என்பதே (2 திமொ 4:7). முதலாவதாக வந்தேன் என்று அவர் சொல்லவில்லை.

உடலை ஆலயம் என்று போற்றும் திருச்சபை, உடலை வழிபடுவதையும் விளையாட்டு வெற்றிக்காக எல்லாவற்றையும் பலியிடுவதையும் கண்டிக்கிறது (மறைக்கல்வி ஏடு, எண் 2289). காவலர் தேர்வில் ஒரு முறை பிந்திவிட்டால் அடுத்த அறிவிப்பு வரும். ஸ்டீராய்டால் ஈரலோ சிறுநீரகமோ கெட்டுவிட்டால் அடுத்த உடல் வராது.

ஆகவே பெற்றோரே, ஓடிவிட்டு வரும் பிள்ளையிடம் எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்கும் முன், என்ன சாப்பிட்டாய், யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்போம். பயிற்சியாளர்களே, உங்களை நம்பி வாய்திறக்கும் பிள்ளைக்கு நீங்கள் தருவது எது என்று இறைமுன் எண்ணிப் பாருங்கள். இளையோரே, தேர்வில் தோற்று வீடு திரும்பும் நாளிலும் உங்கள் பங்கு உங்களோடு இருக்கிறது என்பதை நம்புங்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுப்பது நம் ஒவ்வொருவரின் கடமை. தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் வீடும் பங்கும் இருந்தால், குறுக்கு வழியைத் தேடும் தேவை பிள்ளைகளுக்குப் பெருமளவு குறைந்துவிடும்.

நேர்மையாய் ஓடும் அனைவரையும், தவறி விழுந்து மீண்டும் எழ முயல்வோரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக!